கோவை ஜெயிலில் ஒரு பிளாக்கையாவது விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை மத்திய சிறை காரமடைப் பக்கம் பிளிச்சிக்கு இடம் மாறப்போவது பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம், காலியாகும் இடத்தில் என்ன கட்டலாம் என்று வாசகர்களும் எழுதுகிறார்கள். சிறை நிலத்தில் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. இன்னும் பூங்கா வேண்டும் என்கிறார் ஒருவர். கார் நிறுத்த இடம் வேண்டும் என்கிறார் ஒருவர். பஸ் ஸ்டாண்டை விரிவாக்கச் சொல்கிறார் இன்னொருவர். காந்திபுரத்தில் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற எனக்கு அதில் எதையும் மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் 1872-ல் கட்டிய அந்தச் சிறையில் எதை இடிக்காமல் வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் எழுதக் காணோம். வார்டராகச் சேர்ந்து தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியா வழியாகச் சுற்றித்தான் அங்கே வர முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் மெல்பர்னில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடற்கரை, மிருகக்காட்சிசாலை, கோயில் எல்லாம் காட்டி முடித்த பிறகு மாப்பிள்ளை, "மாமா, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்குதுங்க" என்று நகரத்தின் நடுவே ரஸ்ஸல் தெருவுக்குக் கூட்டிப் போனார். பழைய மெல்பர்ன் ஜெயில். இப்போது அருங்காட்சியகம். உள்ளே போக டிக்கெட். சம்பளம் வாங்கிக்கொண்டு ஜெயிலுக்குள் போய் வந்தவன், காசு கொடுத்துப் போனது அன்றுதான். "அப்புச்சி, உங்க ஆபீஸ் மாதிரியே இருக்குதா?" என்று பேத்தி கேட்டாள்.

பாதி இருந்தது, பாதி இல்லை. அந்த ஊரில் புளூஸ்டோன் என்று சொல்லும் கறுத்த எரிமலைக் கல்லில் மூன்று அடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் தரையிலிருந்து கூரை வரை திறந்த கூடம். இரு பக்கமும் வரிசையாக அறைகள். மேல் அடுக்குகளில் அறைகளை ஒட்டி இரும்பு நடைபாதை, ஏறி இறங்க இரும்புப் படி, உச்சியில் வெளிச்சத்துக்குக் கண்ணாடிக் கூரை. ஒரு முனையில் நின்றால் போதும், ஒரே வார்டருக்கு அத்தனை கதவும் தெரியும். லண்டனில் 1842-ல் திறந்த பென்டன்வில் சிறையை மாதிரியாக வைத்து 1850-களில் எழுப்பியது. விக்டோரியா மகாராணி ஆட்சியில் பல நாடுகளில் கட்டிய சிறைகளுக்கு அதுதான் அச்சு. கோவை ஜெயிலும் அதே மகாராணி காலத்தில் வந்ததுதான். ஆனால் நம் பக்கத்துச் சிறைகளில் முற்றமும் மரமும் உண்டு, கைதிகளைப் பெரும்பாலும் கூட்டமாக அடைத்தார்கள். மெல்பர்னில் ஒவ்வொருவரையும் தனியாக அடைத்தார்கள்.

உள்ளே நுழைந்தவர்கள் எல்லாரும் தூக்குமேடை எங்கே என்று தேடிப் போனார்கள். நான் ஒரு அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டர் வேலை பார்த்த கை, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் நகராது. கனமான கதவு. வெளியிலிருந்து உள்ளே எட்டிப் பார்க்க ஒரு சின்னத் துளை. அறைக்குள் போய் இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கும் சுவருக்கும் அதிக இடமில்லை. பேத்தி உள்ளே வந்து, கட்டில் எங்கே, பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். மூலையில் ஒரு வாளி என்றேன். முகம் சுளித்தாள். அந்த வாளிகளைக் காலையில் வரிசையாகத் தூக்கிப்போன நாற்றத்தை எந்த அருங்காட்சியகத்திலும் வைக்க முடியாது. வைத்தால் டிக்கெட் விற்காது.

புதிதாக வரும் கைதிக்கு முதலில் கீழ் அடுக்கில் இடம். ஒரு நாளில் இருபத்து மூன்று மணி நேரம் தனி அறை. மீதி ஒரு மணி நேரம் வெளியே நடக்கலாம். அப்போதும் பக்கத்தில் நடப்பவன் யாரென்று தெரியக் கூடாது, பேசக் கூடாது. அதற்காகத் தலையை மூடும் துணி முகமூடி. கண்ணுக்கு மட்டும் துளை. ஒரு முகமூடியை அங்கே வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு குளியல், ஒரு மாற்றுத் துணி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். அறைக்குள் படிக்க பைபிள். ஒழுங்காக இருந்தால் அடுத்த அடுக்கு. அதற்கும் மேலே மூன்றாம் அடுக்கில் பெரிய அறைகளில் ஆறு பேர் வரை சேர்த்துப் போட்டார்கள். தனியாக உட்கார்ந்து செய்த பாவத்தை நினைத்துத் திருந்துவான் என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களின் கணக்கு. அவர்கள் இதைக் கொடுமை என்று நினைக்கவில்லை, சீர்திருத்தம் என்றே நினைத்தார்கள். முந்தைய சிறைகளின் அழுக்கையும் கூட்டத்தையும் பார்த்து நல்லெண்ணத்தோடுதான் இதைக் கொண்டுவந்தார்கள்.

இந்த இடத்தில் என் தொழில் பேசுகிறது. சிறையில் சத்தம் இருந்தால் வார்டருக்கு நிம்மதி. பாட்டு, சண்டை, தட்டு விழும் சத்தம், மனு பார்க்க, அதாவது கைதியை நேரில் சந்திக்க, வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று ஒருவன் புலம்புவது, எல்லாம் இருக்க வேண்டும். பிளாக் திடீரென்று அமைதியாகிவிட்டால்தான் எங்கள் கை விசிலுக்குப் போகும். இங்கே அமைதியையே தண்டனையாகக் கட்டி, அதற்குக் கூரையும் போட்டிருக்கிறார்கள். அந்த அமைதிக்குள் இரவுப் பாரா போன வார்டர்கள் எப்படி இருந்தார்கள், என்ன ஆனார்கள் என்று தேடினேன். நான் பார்த்த பலகைகளில் அவர்களைப் பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை. இது அந்த அருங்காட்சியகத்தின் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

தூக்கிலிடப்பட்டவர்களைப் பற்றி நிறையவே இருக்கிறது. அந்தச் சிறை 1924-ல் மூடப்படும்வரை 130-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். தூக்கிலிட்டபின் தலையை மழித்து முகத்தைச் சாந்தில் அச்செடுப்பார்கள். மண்டையின் மேடுபள்ளத்தை வைத்துக் குற்றவாளியின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று அப்போது படித்தவர்களே நம்பினார்கள். அப்படி எடுத்த முகங்கள் அறைக்கு அறை கண்ணாடிக்குள் இருக்கின்றன. கண் மூடியிருக்கும். உதடு ஒரு பக்கம் சற்று இழுத்திருக்கும். பக்கத்தில் பெயர், குற்றம், தேதி. பேத்தியை அந்த அறைகளில் நான் அதிக நேரம் நிற்கவிடவில்லை. நான் மட்டும் திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

அந்த ஊரில் முதலில் தூக்கிலிடப்பட்டவர்கள் வெள்ளையர்கள் இல்லை. 1842 ஜனவரி 20 அன்று, டாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டன்னர்மின்னர்வெய்ட், மால்பாய்ஹீனர் என்ற இரண்டு பூர்வகுடிகளை, இந்தக் கட்டடம் வருவதற்கு முன்பே, இதே பக்கத்தில் பொது இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வேடிக்கை பார்க்கத் தூக்கிலிட்டார்கள். 2016-ல்தான் அவர்களுக்கு அங்கே நினைவிடம் வைத்தது நகராட்சி. தூக்கிலிடப்பட்டவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. ஃபத்தா சந்த் என்ற தலைச்சுமை வியாபாரி, கூட வியாபாரம் செய்த இன்னொரு இந்தியரைக் கொன்றதாக 1891-ல் தூக்குமேடை ஏறினார். கண்காணாத தேசத்தில், பேச்சு புரியாத கோர்ட்டில் என்ன சொல்லியிருப்பார், என்ன புரிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை, "மாமா, டைம் ஆச்சுங்க" என்றார்.

வருகிறவர்களில் பாதிப் பேர் நெட் கெல்லியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மலையூர் மம்பட்டியானைப் பற்றி நம் பக்கத்தில் கதை சொல்வது போல அங்கே கெல்லிக்குக் கதையும் பாட்டும். அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பையன். மூன்று போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றது, பாங்குக் கொள்ளை, கடைசியில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு போலீஸோடு சண்டை. 1880 நவம்பர் 11 அன்று இங்கே தூக்கு. வயது 25. வேண்டாம் என்று கேட்டு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்ட மனுவை அரசாங்கம் தள்ளிவிட்டது. தீர்ப்புச் சொன்ன நீதிபதி ரெட்மண்ட் பாரி பன்னிரண்டே நாளில் இறந்துபோனார். அதை வைத்தும் ஒரு கதை.

எனக்குக் கெல்லியைவிட அவர் தாய் எல்லன் கெல்லியின் விஷயம்தான் மனதில் தங்கியது. ஒரு போலீஸ்காரரைத் தாக்கிய வழக்கில் மூன்று வருடத் தண்டனை பெற்று அந்த அம்மாவும் அப்போது அதே சிறையில் இருந்தார். சலவைக்கூடத்தில் வேலை. மகனைத் தூக்கிலிட்ட அன்றும் அதே மதிலுக்குள் இருந்தார். அன்று சலவைக்கூடத்தில் பணியில் இருந்த காவலர், அந்த அம்மாவை வேலைக்கு அழைத்துப் போனாரா, இல்லை உட்காரச் சொன்னாரா? விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்காது. எங்கள் வேலையில் கஷ்டமான முடிவுகள் எல்லாம் விதிப் புத்தகத்துக்கு வெளியேதான் வரும்.

கெல்லிக்குக் கயிறு போட்ட எலைஜா அப்ஜான் என்பவரும் அதே சிறைக் கைதி. கோழி திருடி உள்ளே வந்தவர். நம் சிறைகளிலும் கைதிகளை மேய்க்கக் கைதியையே கன்விக்ட் வார்டராக வைத்த வழக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது. செலவு மிச்சம், பழியும் மிச்சம். தாமஸ் ஜோன்ஸ் என்ற இன்னொரு தூக்குப்போடுபவர், 1894 ஜனவரியில் பிரான்சஸ் நார் என்ற பெண்ணைத் தூக்கிலிட வேண்டிய நாள் நெருங்கியபோது, அதற்குச் சில நாள் முன்பே தற்கொலை செய்துகொண்டார். வேறொரு ஆளைக் கொண்டுவந்து குறித்த நாளில் வேலையை முடித்தார்கள்.

ஒரு பலகையின் முன்னால் அதிக நேரம் நின்றேன். காலின் கேம்பெல் ராஸ். மது விற்கும் கடை நடத்தியவர். 1921-ன் கடைசி நாட்களில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டு ஒரு சந்தில் கிடந்தாள். ஊரே கொந்தளித்தது. பத்திரிகைகள் தினமும் எழுதின, துப்புக்குப் பெரிய தொகை அறிவித்தார்கள். ராஸின் வீட்டுப் போர்வையில் கிடைத்த தலைமுடி அந்தச் சிறுமியுடையது என்று கோர்ட்டில் சொன்னார்கள். அவரே ஒத்துக்கொண்டார் என்று சொல்லச் சாட்சிகளும் வந்தார்கள். 1922 ஏப்ரல் 24 அன்று இங்கே தூக்கு. நான் செய்யவில்லை என்று கடைசிவரை சொன்னார். 1990-களில் அந்த முடிகள் பழைய கோப்பில் அப்படியே இருப்பது தெரிந்தது. பரிசோதித்தார்கள். அது சிறுமியின் முடி இல்லை. 2008 மே மாதம், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது. செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு என்று மகள் கேட்டாள். சட்டத்தில் அப்படித்தான் வாசகம் என்றேன்.

ஆசிரியர் அவர்களே, எண்பத்தாறு வருடம் கழித்து அந்த உண்மை வெளியே வரக் காரணம், யாரோ ஒரு குமாஸ்தா அந்தக் கோப்பைக் கிழித்துப் போடாமல் கட்டி வைத்ததுதான். முடி இருந்த உறையைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ஜெயிலை இடம் மாற்றும்போது நாம் எத்தனை மூட்டைக் காகிதத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடப்போகிறோம் என்ற பயம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

இன்னொன்று. அந்தச் சிறையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கொலைகாரர்கள் இல்லை. குடித்துவிட்டு விழுந்து கிடந்தவர்கள், வீடில்லாமல் அலைந்தவர்கள், துணி திருடியவர்கள். 1857-ல் மைக்கேல் கிரிம்மின்ஸ் என்ற மூன்று வயதுக் குழந்தை ஆறு மாதம் இருந்திருக்கிறது. குற்றம்: வேலைவெட்டி இல்லாமல் திரிந்தது. மூன்று வயதில் என்ன வேலைவெட்டி? பார்த்துக்கொள்ள ஆளில்லாத குழந்தையைப் போட அரசாங்கத்துக்கு வேறு இடமில்லை, அவ்வளவுதான். நம் பெண்கள் சிறைகளிலும் ஆறு வயது வரை பிள்ளைகள் தாயோடு இருக்கலாம். அந்தப் பிள்ளைகளோடு பந்து விளையாடாத வார்டர் கிடையாது. ஆனால் பதிவேட்டில் பிள்ளையைக் குற்றவாளி என்று எழுதுவதில்லை.

தூக்குமேடை இரண்டாவது அடுக்கு நடைபாதையில் இருக்கிறது. மேலே உத்தரம், காலடியில் திறந்துகொள்ளும் பலகை. இந்தச் சிறையை மூடிய பிறகு உத்தரம் பென்ட்ரிட்ஜ் சிறைக்குப் போனது. 1967 பிப்ரவரி 3 அன்று அங்கே ரொனால்ட் ரயன் தூக்கிலிடப்பட்டார். ஆஸ்திரேலியாவில் கடைசித் தூக்கு அதுதான். 1975-ல் விக்டோரியா மாநிலம் மரண தண்டனையை எடுத்துவிட்டது. பிறகு உத்தரம் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அங்கே நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டில் போய் அதட்ட எனக்கு அதிகாரம் இல்லை.

பக்கத்திலேயே 1994 வரை போலீஸ் லாக்கப்பாக இயங்கிய கட்டடத்தையும் காட்டுகிறார்கள். அங்கே ஒரு நடிகர் சார்ஜெண்ட் வேடத்தில் நம்மையெல்லாம் கைதிகளாக வரிசையில் நிறுத்தி, அதட்டி, அறைக்குள் தள்ளி விளக்கை அணைக்கிறார். பேத்திக்கு ஒரே குஷி. எனக்கு அந்த நடிப்பு ஒட்டவில்லை. அத்தனை கத்துகிற ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு பிளாக்கையும் நடத்த முடியாது. நல்ல வார்டர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், குரலை உயர்த்த மாட்டார். அதைவிட, இரவில் பேய் காட்டுகிறோம் என்று தனி டிக்கெட் போட்டு நடத்துகிறார்களே, அதைச் சுத்தமாக ஏற்க முடியவில்லை. வருமானம் தேவை, கட்டடத்தைப் பராமரிக்கச் செலவாகும் என்பது புரிகிறது. ஆனால் தப்பாகத் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் கதையைப் பகலில் அத்தனை பொறுப்போடு சொல்லிவிட்டு, ராத்திரி அதே வாசலில் பயமுறுத்திக் காசு பார்ப்பது எந்த நியாயம்?

இதையெல்லாம் சொல்வதால் அந்த ஊர்க்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெயிலின் பெரும் பகுதியை அவர்களும் இடித்தார்கள். பக்கத்துத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு இடம் போனது. இன்றைய ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அதுதான். இடித்த கற்களில் ஒரு பகுதி பிரைட்டன் கடற்கரைத் தடுப்புச் சுவருக்குப் போனது. தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர் முதலெழுத்து செதுக்கிய கற்களும் அதோடு போயின. 1929-ல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது புதைகுழிகள் திறந்துகொள்ள, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கெல்லியின் எலும்பு என்று கையில் கிடைத்ததை எடுத்துப்போனார்கள். மீதியைப் பென்ட்ரிட்ஜில் புதைத்தார்கள். கெல்லியுடையது என்று இந்த அருங்காட்சியகத்தில் வைத்திருந்த மண்டையோடு 1978-ல் திருடு போனது. 2011-ல் மரபணுச் சோதனை செய்து அவருடைய எலும்புகளைக் கண்டுபிடித்து, 2013-ல் கிரேட்டா என்ற ஊரில் குடும்பத்தார் அடக்கம் செய்தார்கள். இவ்வளவு அலங்கோலத்துக்குப் பிறகு மிஞ்சிய ஒரே ஒரு பெரிய பிளாக்கைத்தான் 1972-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு மக்களுக்குத் திறந்துவிட்டது. மிஞ்சியது ஒன்று என்றாலும் அது முழுசாக மிஞ்சியது. கதவு, பூட்டு, படி, கூரை எல்லாம் அதே இடத்தில்.

நாம் சென்னையில் என்ன செய்தோம்? 1837-ல் கட்டிய மத்திய சிறையிலிருந்து 2006-ல் கைதிகளைப் புழலுக்குக் கொண்டுபோனார்கள். 2009-ல் இடிப்பதற்கு முன்பு சில நாட்கள் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். கூட்டம் அலைமோதியது. தலைவர்கள் இருந்த அறை எது, எந்த பிளாக் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். அத்தனை கூட்டத்தைப் பார்த்த பிறகும் தரைமட்டமாக்கினோம். இடம் மருத்துவக் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. கல்லூரிக்கு இடம் வேண்டும், நோயாளிக்குக் கட்டில் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மெல்பர்னிலும் கல்லூரிக்குத்தான் கொடுத்தார்கள். ஒரு பிளாக்கை விட்டுவிட்டுக் கொடுத்தார்கள்.

கோவைக்கு வருகிறேன். 1908-ல் வ.உ.சி.யை இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். செக்கு இழுத்தார். செப்டம்பர் 5 வந்தால் சிறையில் செக்குக்கு மாலை போடுகிறோம், சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கும் செக்குக்கும் மாலை போடுகிறார்கள். நல்லது. ஆனால் மேடை கட்டி, பெயின்ட் அடித்து, கம்பி வேலி போட்ட செக்கைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு என்ன புரியும்? கொதிக்கும் வெயிலில் கல் தரையில் நின்றால், அந்தத் தரையிலிருந்து மதில் எவ்வளவு உயரம் என்று பார்த்தால், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தால் புரியும். அந்தச் செக்கின் பக்கத்தில் தடியோடு நின்றவரும் எங்கள் துறைக்காரர்தான். அவரைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டும். யார் ஏவினார்கள், என்ன சம்பளத்துக்கு ஏவினார்கள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். வெள்ளைக்காரத் துரை மட்டும் அந்தச் சிறையை நடத்தவில்லை. நம் ஆட்கள் சாவி பிடித்தார்கள்.

சின்னியம்பாளையம் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு மில் தொழிலாளர்களை 1946 ஜனவரி 8 அன்று இதே ஜெயிலில்தான் தூக்கிலிட்டார்கள். சுதந்திரம் வர ஒன்றரை வருடம்தான் இருந்தது. சின்னியம்பாளையத்தில் வருடா வருடம் தொழிற்சங்கத்தார் நினைவு நாள் நடத்துகிறார்கள். மில்களால் வளர்ந்த இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அந்த நான்கு பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

அருங்காட்சியகம் என்றவுடன் நம்மவர்கள் ஒரு புதுக் கட்டடம் கட்டி, ஏ.சி. போட்டு, சுவரில் படம் மாட்டி, வாசலில் ஒரு சிலை வைத்து ரிப்பன் வெட்டிவிடுவார்கள். தயவுசெய்து அது வேண்டாம். பழைய பிளாக் ஒன்றை, மதிலின் ஒரு பக்கத்தோடு, முற்றத்தோடு, முற்றத்து மரத்தோடு அப்படியே விட்டுவையுங்கள். சுண்ணாம்பு அடித்துப் புதுசாக்காதீர்கள். கைதிகள் சுவரில் கீறி வைத்த தேதிகளும் பெயர்களும் சாமி படங்களும் அதற்குக் கீழேதான் இருக்கும். நெசவுக்கூடத்திலிருந்து ஒரு தறி, சமையல்கூடத்திலிருந்து களி கிண்டிய பாத்திரம், வார்டர் விசில், சாவிக் கொத்து, லாக்கப் நேரத்தில் ஆள் கணக்கு எழுதிய பலகை. இவற்றையெல்லாம் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஏலத்தில் விடாமல் இருந்தால் போதும்.

பதிவேடுகள் முக்கியம். விக்டோரியா மாநிலத்து ஆவணக் காப்பகம் பழைய கைதிப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. கொள்ளுத் தாத்தா எதற்காக உள்ளே போனார் என்று பேரன்கள் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கிறார்கள். நம் சிறையில் கரையான் தின்றது போக மீதி இருப்பதை லாரியில் ஏற்றுவதற்கு முன்பு, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும். இது ரகசியக் காகிதம், இது வேண்டாத காகிதம் என்று பிரிக்கும் வேலையை ஸ்டோர் கிளார்க் தலையில் போடக் கூடாது. அவருக்கு அன்றைக்குக் கணக்கு முடித்தாக வேண்டும்.

அப்புறம், சாதாரணக் கைதி. திருட்டு வழக்கு, சாராய வழக்கு, வரப்புத் தகராறு என்று வந்து, ஜாமீன் போட ஆளில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தவர்கள்தான் எந்தச் சிறையிலும் அதிகம். தலைவர்கள் இருந்த அறைக்குப் பக்கத்து அறையில் அவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் ஒரு நாளையாவது காலை அன்லாக்கிலிருந்து மாலை லாக்கப் வரை அங்கே சொல்லிக் காட்டுங்கள். சொல்ல ஆள் இருக்கிறோம். ஓய்வு பெற்ற வார்டர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். தலைமுறை தலைமுறையாகச் சிறைக் குடியிருப்பிலேயே வளர்ந்தவர்களும் உண்டு. சிலருக்கு எண்பது தாண்டிவிட்டது, எனவே யாராவது சீக்கிரம் நோட்டும் பேனாவுமாக வர வேண்டும். தண்டனை முடிந்து வெளியே போய் ஒழுங்காக வாழ்கிறவர்களில் சிலரும் பேச ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். பெயரைப் போடாமல் இருந்தால் சரி.

நடிகரை வைத்துக் கத்தச் சொல்ல வேண்டாம். பேய் உலாவும் வேண்டாம். சனி, ஞாயிறுகளில் எங்களில் இரண்டு பேர் முறை வைத்து வந்து, சம்பளம் இல்லாமல் சுற்றிக் காட்டுகிறோம். பழக்கப்பட்ட வேலைதானே, டூட்டி ரோஸ்டர் நாங்களே போட்டுக்கொள்வோம். எந்த பிளாக்கை வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் கேட்டால் அதையும் சொல்கிறோம். எங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மாடிப்படி இல்லாத பிளாக்காக இருந்தால் உபகாரம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறைத் தலைமைக் காவலர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.